சிவப்பு ஊசி

ராசு டாக்டர் படித்த டாக்டர் இல்லை. சுற்று வட்டாரத்தில் இது எல்லோருக்கும் தெரியும். புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் பதினெட்டு வருடம் கம்பவுண்டராக இருந்தவர். அந்த டாக்டர் இறந்ததும் ஊர்ப்பக்கம் திரும்பி, ஆலங்குடி சாலையில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து மேசை போட்டு உட்கார்ந்தார். பலகையில் பெயர் கிடையாது. சிவப்பில் ஒரு கூட்டல் குறி மட்டும் உண்டு. அதுவும் பாதி உரிந்திருந்தது.

சுடர்விழி மத்தியானம் பார்த்து வந்தாள். அந்த நேரத்தில் ஆள் இருக்காது.

"டாக்டரு, செப்டம்பர்ல மாதா கோயில் தேருக்கு வந்தப்ப எனக்குக் காய்ச்சல். அம்மா கூட்டிக்கிட்டு வந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நூத்தி ரெண்டு. இளைப்பு வேற."

"என்ன ஊசி போட்டீங்க?"

"காய்ச்ச ஊசி."

"அது மட்டும்தானா?"

ராசு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை.

"கூடக் கொஞ்சம் டெக்ஸா போட்டேன். ஒங்க ஆத்தாதான் நின்னுக்கிட்டுக் கேட்டுச்சு. பிள்ளை நாளாண்ணைக்கு ஆடணும், எந்திரிச்சு நிக்கிற மாதிரி போடுங்கன்னு. எல்லாருக்கும் போடுறதுதான் பாப்பா. நடவுக்குப் போற பொம்பளைகளுக்குப் போடுவேன். மறுநாள் எந்திரிச்சிருவாங்க."

"நானும் எந்திரிச்சேன்" என்றாள் சுடர்விழி.

எழுந்தது உண்மை. இரண்டாம் நாள் கோழிக்கோட்டில் கிளப் கால்பந்து ஆட்டத்தில் தொண்ணூறு நிமிடமும் ஓடினாள். ஆட்டம் முடிந்ததும் ஊக்கமருந்துச் சோதனைக்கு அவள் எண்ணை எடுத்தார்கள். புதிதில்லை. பத்து வருடத்தில் பதினாலு முறை அந்தச் சின்னப் பாட்டிலை நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். கடந்த ஏழு நாளில் சாப்பிட்ட மருந்து என்ன என்று படிவத்தில் ஒரு வரி இருக்கும். 'காய்ச்சலுக்கு ஊசி, பாரசிட்டமால்' என்று எழுதினாள். அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. போட்டி நாளில் உடம்பில் இருக்கக் கூடாத மருந்து. இருபது நாளுக்குள் பதில் தர வேண்டும். முடிவு தெரியும்வரை இந்திய அணி முகாமுக்கு வர வேண்டாம்.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. இந்தியாவுக்கு அறுபத்தோரு ஆட்டம் ஆடியிருக்கிறாள், எல்லாம் நடுக்களத்தில். பிப்ரவரியில் ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று இருந்தது. தடை முழுதாக வந்தால் இரண்டு வருடம். முப்பத்தொரு வயதில் திரும்பிப் போய் நின்றால், அந்த இடத்தில் இருபது வயதுப் பிள்ளை ஒருத்தி ஓடிக்கொண்டிருப்பாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை போகாது. ஆட்டம் போய்விடும்.

"நீங்க போட்டீங்கன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுக்க முடியுமா?"

கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது.

"எழுதிக் குடுத்தா என்னைய உள்ள வச்சிருவாங்க பாப்பா" என்றார் ராசு. "அறுபத்தெட்டு வயசு. ஜெயில்ல கெடக்கத் தெம்பில்ல." பிறகு, "ஆத்தாகிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"முட்டி வலின்னு சொல்லிருக்கேன்."

"சொல்லாத."

"நான் அன்னைக்கு என்ன ஊசின்னு கேட்டேன்ல டாக்டரு?"

"கேட்ட."

"காய்ச்ச ஊசின்னீங்க."

"ஆமா" என்றார் அவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவளைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தார்.

கேட்டது உண்மைதான். பார்க்கவில்லை. மூன்று வயதில் அவளுக்கு முதல் முறை அம்மை ஊசி போட்டபோது அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்த ஊசிக்கும் அப்படித்தான். அணி டாக்டர் போடும்போது பக்கத்தில் இருக்கும் யாருடைய தோளிலாவது சாய்வாள். தோழிகள் கேலி செய்வார்கள். அன்று ராசு மருந்தை உறிஞ்சியபோதும் அம்மாவின் சேலையில் முகத்தை வைத்திருந்தாள். முந்திரி வறுத்த புகை வாசம். காய்ச்சலில் அது இதமாக இருந்தது. பந்து காலுக்கு வருவதற்கு முன் இரண்டு தோளுக்கு மேலும் திரும்பிப் பார்ப்பதுதான் அவள் ஆட்டம். யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவளுக்கு எப்போதும் தெரியும். அந்த ஒரு குப்பியின் பெயரைத்தான் பார்க்கவில்லை.

*

வைஷ்ணவி சென்னையில் வக்கீல். ஒரு காலத்தில் மாநில அணியில் கோல்கீப்பராக இருந்தவள். காசு வாங்காமல் இந்த வழக்கை எடுத்திருந்தாள்.

"டாக்டர் எழுதித் தர மாட்டாரா? சரி. ஊசி போட்டப்ப கூட இருந்தது யாரு?"

"அம்மா மட்டும்தான்க்கா."

"அப்ப அம்மா போதும். அம்மாதான் கூட்டிட்டுப் போனாங்க, அம்மாதான் ஊசி கேட்டாங்க, நீ என்ன ஊசின்னு கேட்டே, உன்கிட்ட மாத்திச் சொன்னாங்க. இதை அபிடவிட்டாக் குடுக்கட்டும். படிவத்துல ஊசின்னு நீயே எழுதியிருக்கே. ரெண்டையும் சேர்த்து வச்சா தெரியாம நடந்ததுன்னு நிக்கும். எச்சரிக்கையோட விடலாம். போனா ரெண்டு மூணு மாசம். பிப்ரவரிக்கு நீ ரெடி."

"டாக்டர் பேர் வேணுமா?"

"ஊர்ல ஒருத்தர்னு போடலாம். கேட்டா அப்புறம் பாத்துக்கலாம்."

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடும்."

"தெரியும் நீ என்ன கேக்கப்போறேன்னு" என்றாள் வைஷ்ணவி. "சொல்லாமக் கையெழுத்து வாங்க முடியாது. படிக்கத் தெரியாதவங்கன்னா நோட்டரி முழுசாப் படிச்சுக் காட்டணும். புரிஞ்சுதான்னு கேக்கணும். புரிஞ்சுதுன்னு அவங்க சொல்லணும். அதுக்கப்புறம்தான் கையெழுத்து. குறுக்கு வழி ஒண்ணும் கிடையாது, சுடர்."

கடிதம் வந்து அன்று பதின்மூன்றாம் நாள்.

வாசகத்தை வைஷ்ணவி அனுப்பினாள். சுடர்விழி அதை ஆலங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பத்திரத் தாளில் அடித்து வாங்கினாள். வீட்டுக்கு வந்து கொல்லைப்பக்கம் போய் நின்று, நோட்டரி படித்தால் எப்படி இருக்கும் என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள்.

"காலஞ்சென்ற முனியசாமி அவர்களின் மனைவி, ஐம்பத்து நான்கு வயதுள்ள சந்தனமேரி ஆகிய நான் உறுதிமொழிந்து கூறுவது. என் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது நானே அவளை அழைத்துச் சென்று, ஊசி போடும்படி நானே வற்புறுத்திக் கேட்டேன். அந்த ஊசியின் காரணமாகவே என் மகள்..."

அதற்கு மேல் படிக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. முனியசாமிக்கும் காய்ச்சல்தான். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். ஊசி வேண்டாம், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும் என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் புதுக்கோட்டைக்குப் போகும் வழியில் ஆம்புலன்ஸிலேயே போய்விட்டார். என்ன காய்ச்சல் என்று பிறகு ஒரு பெயர் சொன்னார்கள். அதற்கு ஊசியே கிடையாது என்றும் சொன்னார்கள். சந்தனமேரி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஊசி போடாமல் கொன்றுவிட்டார்கள் என்றுதான் இன்றுவரை சொல்கிறாள். போடச் சொல்லிச் சண்டை போடாமல் வந்தோமே என்பதுதான் அவளுடைய துக்கம்.

சுடர்விழி அன்று வெளிநாட்டில் இருந்தாள். சாயங்காலம் ஆட்டம். அம்மா யாரையும் போன் செய்ய விடவில்லை. ஐந்து மணி நேரம் அந்தச் செய்தியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். ஆட்டம் முடிந்து, குளித்து, பஸ்ஸில் ஏறிய பிறகுதான் போன் வந்தது. "ஜெயிச்சீங்களா ஆத்தா?" என்று முதலில் கேட்டாள். "ஜெயிச்சோம்மா" என்ற பிறகுதான் அழுதாள்.

*

பதினேழாம் நாள் சொல்லிவிடுவது என்று கிளம்பி, அம்மா வேலை செய்யும் முந்திரிக் கொட்டகைக்குப் போனாள். வீட்டில் சொன்னால் அம்மா ஒற்றையாக அழுவாள். கொட்டகையில் நாலு பேர் இருப்பார்கள் என்று நினைத்தாள்.

வறுத்த கொட்டைகள் கரியாகக் குவிந்திருந்தன. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கட்டையால் தட்டி உடைத்துப் பருப்பை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய விரலும் நகமும் கறுப்பு. அந்தக் கறை எண்ணெய் போட்டாலும் போகாது.

"வாடி இந்தியா" என்றாள் முனியாயி. அம்மாவின் பக்கத்தில் பதினைந்து வருடமாக உட்காருகிறவள். "முட்டி எப்படி இருக்கு?"

"இருக்குக்கா."

"ஊரு ஊராப் பிளேன்ல போயி, ஓடி ஓடி முட்டியப் பேத்துக்கிட்டு வந்துட்ட. எங்களப் பாரு. ஒக்காந்த எடத்துலயே முட்டி போயிருச்சு. எங்களுக்கு யாராச்சும் கப்பு குடுத்தாங்களா?"

"ஒனக்கு டீ கப்பு குடுக்குறாங்கள்ல" என்றாள் சந்தனமேரி.

"அதுலயும் பாதிதான்டி ஊத்துறாக."

எல்லோரும் சிரித்தார்கள். சுடர்விழியும் சிரித்தாள். அம்மா ஒரு முழுப் பருப்பை எடுத்து ஊதி அவளிடம் நீட்டினாள். உடையாத பருப்பை மேஸ்திரி தனியாகக் கேட்பார். அம்மா அங்கிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

"ஏன் வெயில்ல வந்த? ஏதும் சொல்லணுமா?"

"ஆமாம்மா."

"சொல்லு."

"அந்தக் காய்ச்சல்..."

"திரும்ப வந்திருச்சா?" புறங்கையால் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இல்லையே. அன்னைக்கு ஊசி போட்டு வெரட்டினேன்ல, அது எப்படி வரும்? இவளுக எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். நூத்தி ரெண்டு காய்ச்சலு. மாத்திரை போதும்னுதான் இவ சொன்னா. நான் கேக்கலையே. கையோட இழுத்துக்கிட்டுப் போயி ஊசி போட்டேன். மூணாம் நாளு டிவில ஓடுறா!"

"செல்லுல காட்டுனியே" என்றாள் முனியாயி. "குதிரை கணக்கா ஓடுனா."

"அந்த மனுசனுக்கும் இப்படி ஒருநா நின்னு கேட்டிருந்தேன்னா இன்னைக்கு இருந்திருப்பாரு" என்றாள் சந்தனமேரி. எப்போதும் சொல்லும் வாக்கியம். ஆனால் இந்த முறை அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அழுகை இல்லை. "அவருக்கு விட்டுட்டேன். இவளுக்கு விடல."

கட்டையை எடுத்து அடுத்த கொட்டையைத் தட்டினாள்.

"என்னமோ சொல்ல வந்த?"

"சோத்துக்குக் கொழம்பு இருக்கா, வைக்கணுமான்னு கேக்க வந்தேன்."

"இதுக்கா இம்புட்டுத் தூரம் நொண்டிக்கிட்டு வந்த? போ. காலை நீட்டி உக்காரு."

திரும்பும்போது நொண்டிக்கொண்டே போனாள். அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள்.

*

இருபதாம் நாள் மாலை ஆறு மணிக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். காலையிலிருந்து வைஷ்ணவி நாலு முறை அழைத்திருந்தாள்.

நாலு மணிக்கே சந்தனமேரி வேலையிலிருந்து வந்தாள். முகம் கழுவி, வெளியே போகும்போது கட்டும் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டாள்.

"கெளம்பு."

"எங்கிட்டும்மா?"

"ராசு டாக்டருகிட்ட. முட்டிக்கும் ஒரு ஊசி போட்டுட்டு வந்துருவோம். எத்தன நாளைக்கு இப்படிக் குந்திக்கிட்டு இருப்ப? முகாமுல வேற ஆளப் போட்டுறப் போறாங்க."

சுடர்விழி பையை எடுத்துக்கொண்டாள். தாள் உள்ளே இருந்தது. ராசுவின் கடையைத் தாண்டி முக்கால் கிலோமீட்டரில் நோட்டரியின் அறை. வழியில் சொல்லிவிடலாம், அப்படியே நேராகப் போய்விடலாம் என்று நினைத்தாள். ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபம்.

"அம்மா."

"ம்?"

தென்னந்தோப்பு போனது. ரேஷன் கடை போனது.

"கெட்டியாப் பிடிச்சுக்க. ரோடு சரியில்ல."

ராசுவின் கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் போகும்வரை உட்கார்ந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடித்தபோது ராசு கூப்பிட்டார்.

"முட்டி" என்றாள் சந்தனமேரி. "நல்லா வேலை செய்யிற மாதிரி ஒண்ணு போடுங்க. அன்னைக்குப் போட்டது மாதிரி."

ராசு சுடர்விழியைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்கு நான் ஊசி போடுறதா இல்ல, சந்தனம்."

"ஏன்?"

"வேணாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

"நல்லா இருக்கே! அந்த மனுசனுக்கும் இதையேதான் சொன்னாங்க, ஊசி வேணாம்னு. நீங்களுமா? என் பிள்ளைக்கு என்ன, தீராத வியாதியா? அன்னைக்குப் போட்டீங்கள்ல? இன்னைக்கு மட்டும் என்னவாம்?"

"சந்தனம், உக்காரு. ஒண்ணு சொல்றேன்." முக்காலியை அவள் பக்கம் தள்ளினார். "இத நான் முன்னாடியே சொல்லிருக்கணும். அன்னைக்குப் போட்ட ஊசி இருக்குல்ல, அதுலதான்..."

"போடுங்க டாக்டரு" என்றாள் சுடர்விழி.

முக்காலியில் போய் உட்கார்ந்து, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள்.

"பாப்பா."

"வலிக்குது டாக்டரு. போடுங்க."

ராசு எழுந்தார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தார். சந்தனமேரி வழக்கம்போல மகளின் பக்கத்தில் வந்து நின்று, இடுப்பை அவள் முகத்துக்கு நேரே கொடுத்தாள்.

சுடர்விழி முகத்தைத் திருப்பவில்லை. ராசு குப்பியை அவள் கண்ணுக்கு நேரே பிடித்தார். அவள் கேட்கவில்லை, அவராகத்தான் பிடித்தார். எழுத்து சின்னதாக இருந்தாலும் தெளிவாக இருந்தது. அவள் முழுதும் படித்தாள். பி காம்ப்ளெக்ஸ். வைட்டமின். யாரையும் எதுவும் செய்யாத ஊசி. மருந்து இரத்தம் மாதிரி சிவப்பாக இருந்தது.

ஊசி இறங்குவதையும், மருந்து போவதையும், வெளியே வருவதையும் கடைசிவரை பார்த்தாள்.

"என்னடி இது, முகத்த மறைக்கல?" என்றாள் சந்தனமேரி.

"பழகிருச்சும்மா."

"செவப்பு ஊசி" என்று சந்தனமேரி ராசுவிடம் திருப்தியாகச் சொன்னாள். "இதுக்குப் போயி இம்புட்டுப் பேச்சு. எவ்வளவு டாக்டரு?"

"ஒண்ணும் வேணாம்."

"அது எப்படி?" அவள் ஐம்பது ரூபாயை மேசையில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

வெளியே வந்தபோது போன் அடித்தது. வைஷ்ணவி. ஐந்து இருபது.

"நோட்டரிகிட்ட இருக்கியா?"

"இல்லக்கா. அனுப்பல."

"சுடர், இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. போட்டோ எடுத்து அனுப்பு, மிச்சத்த நான் பாத்துக்குறேன்."

"வேணாம்க்கா."

"ரெண்டு வருஷம்" என்றாள் வைஷ்ணவி. "தடை லிஸ்ட்ல பேர் வரும். அப்ப மட்டும் அம்மாவுக்குத் தெரியாதா?"

சுடர்விழி நாலு எட்டுத் தள்ளிப்போய்க் குரலைத் தாழ்த்தினாள். "மருந்துப் பேருதான் வரும். ஊசின்னு வராது. நானா ஒரு மாத்திரை தெரியாமச் சாப்பிட்டேன்னு சொல்லிக்கிறேன்."

"யோசிச்சுட்டியா?"

"யோசிச்சுட்டேன்."

வைஷ்ணவி போனை வைத்துவிட்டாள்.

"யாரு, முகாமுலேர்ந்தா?" என்றாள் சந்தனமேரி.

"ஆமாம்மா."

"ஊசி போட்டாச்சுன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"எத்தன நாளு ரெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க?"

"கொஞ்ச நாளு."

"எடு. அப்பறம் பாரு, தானாக் கூப்பிடுவாங்க." பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "கையக் காட்டு. தேய்ச்சு விடணும், இல்லைனா கட்டிக்கும்."

ஸ்கூட்டர் கிளம்பியது. ஒரு கையால் மகளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கறுத்த பெருவிரலால் ஊசி போட்ட இடத்தை, வீடு வரும்வரை சந்தனமேரி தேய்த்துக்கொண்டே வந்தாள்.